காலில் போட்ட இரண்டு

"அந்த ரெண்டை அங்க போடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

சமையலறை அலமாரியின் கதவுதான் கரும்பலகை. அதில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து தண்ணீராகும் சமன்பாட்டை அவள் எழுதியிருந்தாள்: H₂ + O₂ → H₂O. கணவன் எழுந்து போய், கடைசி O-வின் காலடியில் ஒரு குட்டி 2 போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"இந்தப் பக்கம் ஆக்சிஜன் ரெண்டு, அந்தப் பக்கம் ஒண்ணு. குறைஞ்சதைச் சேத்துட்டேன். சரியாப் போச்சா?"

"எண்ணிக்கை சரியாப் போச்சு. தண்ணிதான் தண்ணியா இல்ல. இப்ப அது பெராக்சைடு. ஒரு டம்ளர் குடிச்சுப் பாருங்க, வயிறு வெந்துடும். உங்களைப் பாஸ் போட்ட வாத்தியார் யாருங்க?"

"தங்கமான மனுஷர்."

அவளுக்குச் சிரிப்பு வந்தாலும் அடக்கிக்கொண்டாள். நாளைக்கு ஒரு பள்ளியில் வேலைக்கான மாதிரி வகுப்பு. அங்கே வேதியியல் ஆசிரியர் வேலை ஒன்றே ஒன்றுதான் காலி. இதற்கு முன் வேறொரு பள்ளியின் மாதிரி வகுப்பில், ஒரு மாணவி எழுந்து கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமல் இவள் சுண்ணக்கட்டியோடு நின்றிருந்தாள். அந்த வேலை கிடைக்கவில்லை. இந்தத் தடவை நழுவ விடக்கூடாது.

"இதோ பாருங்க. நீங்க உக்காந்திருக்கிற நாற்காலிக்கு நாலு கால். விருந்தாளி ஒருத்தர் வந்தா இன்னொரு நாற்காலி போடுவீங்களா, இதுலயே இன்னும் நாலு கால் அடிப்பீங்களா?"

"இன்னொண்ணு போடுவேன்."

"அவ்வளவுதான். அடியில இருக்கிற எண்ணைத் தொட்டா பொருளே மாறிடும். முன்னால போடுங்க, அது எத்தனைங்கிறதை மட்டும் சொல்லும்."

அவன் H₂O-வுக்கு முன்னால் பெரிதாக 2 போட்டான். உடனே முகம் சுளித்தான். "இப்ப ஹைட்ரஜன் நாலாயிடுச்சே! ஒரு ஓட்டையை அடைச்சா இன்னொண்ணு ஒழுகுது."

"ஒழுகட்டும், அதையும் அடைப்போம். இந்தப் பக்கம் H₂-வுக்கு முன்னால ஒரு ரெண்டு. எண்ணுங்க."

விரல் விட்டு எண்ணினான். இரண்டு பக்கமும் ஹைட்ரஜன் நாலு, ஆக்சிஜன் இரண்டு.

"ஒரு சந்தேகம்," என்று தலையைச் சொறிந்தான். "எதுக்கு இத்தனை பாடு? மிச்சமான ஆக்சிஜனைத் தூக்கிப் போட்டுட்டா என்ன?"

அன்று அந்த மாணவி கேட்ட அதே கேள்வி. இன்று அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"எங்க போடுவீங்க? உலகத்துக்கு வெளியிலயா? அணு அழியாது, புதுசா முளைக்காது. கைகோர்த்திருக்கிற ஆளை விட்டு வேற ஆளோட கைகோர்க்கும், அவ்வளவுதான். உள்ள போன அத்தனை பேரும் வெளிய வந்தே ஆகணும்."

அவன் எழுந்து நின்று கை தட்டினான். "சுவருக்கே புரிஞ்சிருக்கும்! வேலை உனக்குத்தான், எழுதி வெச்சுக்கோ."

"கண்ணு வெக்காதீங்க." அவள் முகமெல்லாம் மலர்ந்திருந்தது. சமன்பாட்டைத் துடைத்தாள், சுண்ணக்கட்டியை அவன் கையில் திணித்தாள், நாற்காலியில் தான் உட்கார்ந்துகொண்டாள்.

"ம், ஆரம்பிங்க சார். நாளைக்கு என் வகுப்பு முடிஞ்சதும் அதே வேலைக்கு நீங்கதானே அடுத்து? நீங்க நடிச்ச மக்கு மாணவனை விடப் பெரிய மக்கு மாணவியா நான் நடிக்கிறேன்."