கரகரப்பு

ஸ்டுடியோவில் எதைப் பாடச் சொன்னாலும் ஸ்டெல்லா பாடிவிடுவாள். கோரஸ், குழந்தையின் அழுகை, டிஸ்கோ பாட்டின் நடுவே வரும் பெருமூச்சுகூட. அந்தப் பெருமூச்சை ரேடியோவில் கேட்ட கணவன் இருதயராஜ், "எவன நெனச்சுடி மூச்சு வுட்ட?" என்று அவள் கழுத்தை நெரித்தான். மறுநாள் குரல் உடைந்தே வந்தது. இசையமைப்பாளர் துள்ளினார். "இந்தக் கரகரப்பு புதுசா இருக்கும்மா! முழுப் பாட்டையும் நீங்களே பாடிடுங்க."

அதுதான் அவளுடைய முதல் தனிப்பாட்டு. கேசட்டில் அவள் பெயரைப் போடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இருதயராஜ் அந்தக் கேசட்டை வாங்கிவந்து போட்டுவிட்டு ஆடினான்.

"யாருடி இவ? மனுசனக் கொல்றாளே!"

"நான்தான்."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "உனக்கேதுடி இந்தக் குரலு?"

ஸ்டெல்லா சத்தத்தை முழுதாகக் கூட்டிவைத்துவிட்டு, அம்மிக்குழவியைத் தூக்கினாள். தெருவுக்குப் பாட்டு மட்டுமே கேட்டது.