மற்ற இரண்டு முடிச்சுகள்

தாம்பாளத்தை அவள் கையில் திணித்தார்கள். தட்டு நிறைய மஞ்சள் அட்சதை.

"கழுத்துல தாலி ஏறினவதாம்ட்டி முடிச்சு போடணும். நீ இத வச்சுக்கிட்டு அங்கிட்டு நில்லு" என்றாள் கோமதி சித்தி.

மணமேடையில் உட்கார்ந்திருப்பவன் அவள் கூடப்பிறந்த தம்பி. முதல் முடிச்சை அவன் போடுவான். மற்ற இரண்டும் அக்காக்காரி போட வேண்டியவை. அதற்குத்தான் சித்தி கல்யாணமான தன் மகள் சங்கரேஸ்வரியைப் பட்டு சரசரக்கக் கூட்டிவந்து நிறுத்தியிருக்கிறாள்.

முப்பத்துமூன்று வயதில் இப்படி ஓரங்கட்டினால் யாருக்கும் கோபம் பொத்துக்கொண்டு வரும். அவளுக்கும் வந்தது.

ஆனாலும் கண் என்னவோ மணப்பெண்ணைவிட்டு நகரவில்லை.

அந்த இடத்தில் தன்னை உட்காரவைத்துப் பார்த்தாள்.

நன்றாகத்தான் இருந்தாள்.

சம்பங்கி மாலை. மயில்கழுத்து நிறத்தில் சேலை. பக்கத்தில் அவள் மனசுக்குப் பிடித்த சிதம்பரநாதன், வேட்டி இடுப்பில் நிற்குமா என்ற கவலையோடு.

பிடரியில் படுகிற விரல்கள் வடிவக்காவுடையவை. ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்கள்.

வடிவக்கா அவனுடைய அக்கா. புருஷனைப் பறிகொடுத்த பிறகு தையல் மெஷினை மிதித்தே தம்பியைப் படிக்கவைத்தவள். அவன் இவளிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். எங்க அக்காதான் முடிச்சு போடணும், உங்க வீட்டுல விடுவாங்களா?

விடுவாங்க என்று சொல்லியிருக்கிறாள். சும்மா இல்லை, அவன் உள்ளங்கையில் அடித்துச் சொல்லியிருக்கிறாள்.

இன்றைக்குத் தன் முறையையே விட்டுக்கொடுத்துவிட்டு, நாளைக்கு எந்த முகத்தோடு வடிவக்காவுக்காகப் பேசுவது?

கெட்டிமேளம்.

தம்பி முதல் முடிச்சைப் போட்டான். சங்கரேஸ்வரி குனிந்தாள்.

"சித்தி, இதக் கொஞ்சம் பிடிங்க."

தட்டை நீட்டினால் யாரும் வாங்கத்தானே செய்வார்கள்? சித்தி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அப்புறம் தடுப்பதற்குக் கை ஏது!

சங்கரேஸ்வரியைத் தோளால் ஒரு இடி. அவள் நகர்ந்தாள். தம்பி நிமிர்ந்து பார்த்தான். சிரித்தபடியே கயிற்றின் நுனிகளை அக்காவின் கையில் கொடுத்தான்.

இரண்டாவது முடிச்சு.

மூன்றாவது.

முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.

அம்மா காதருகே வந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"பெரியவங்கள எடுத்தெறிஞ்சு இப்படி நடந்தா, நாளைக்கு உனக்கு யாருட்டி வந்து முடிச்சு போடுவா?"

"அந்தா இருக்காங்க."

மூன்றாவது வரிசை. அம்மாவுக்குத் தெரிந்த முகம்தான். இந்தக் கல்யாணத்துக்கு வீட்டுப் பெண்கள் அத்தனை பேருக்கும் ஜாக்கெட் தைத்த வடிவு. பொட்டில்லாத நெற்றி. இவள் கை காட்டியதைப் பார்த்ததும் அவள் பக்கத்திலிருந்த சிதம்பரநாதன் எழுந்தான். வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றான்.

வடிவக்கா தன் விரல்களை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

அம்மா அவர்களைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மணமக்கள்மேல் போட எடுத்த அட்சதை இன்னும் அம்மாவின் கைக்குள் மூடிக் கிடந்தது.

மகள் அந்த அட்சதைக்காக அவள் முன்னால் தலையைக் குனிந்தாள்.