ஐஸ் சோறு

"இன்னிக்கும் ஒண்ணு குறையுது!"

ஃப்ரீசருக்குள் தலையை விட்டபடியே அவள் கத்தினாள். கூடத்தில் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த கணவன் நிமிரக்கூட இல்லை.

"சரியாப் பாரு. அடியில கிடக்கும்."

"அடியில பட்டாணிதான் கிடக்கு. டப்பாவுக்குக் கால் முளைச்சு நடந்தா போச்சு?"

அவளுக்கு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. வெறும் வயிற்றோடு வருகிறவர்கள் விடியும் முன்பே வாசலில் வந்து நிற்பார்கள். பிள்ளைகள் கண் விழிக்கும்போது அவள் யார் கையிலோ ஊசி குத்திக்கொண்டிருப்பாள். இன்றைக்கு மெஷின் ரிப்பேர் என்று மதியத்துக்கு மேல் வரச் சொன்னதால்தான் காலையில் வீட்டில் இருக்கிறாள்.

மற்ற நாளில் காலையில் சமைக்க வழியில்லாததால் ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை. நாள் முழுக்க அடுப்போடு மல்லுக்கட்டி, வாரத்துக்கான மதியச் சாப்பாட்டைச் சமைத்து, ஆறவைத்து, டப்பாக்களில் அடைத்து ஃப்ரீசரில் அடுக்குவாள். மூடியில் சிவப்பு டேப் ஒட்டியது பெரியவளுக்கு. அவளுக்கு நாக்கில் சுருக்கென்று ஏறினால்தான் சாப்பாடு. நீல டேப் சின்னவனுக்கு. காரமே இல்லாமல், பருப்பும் காய்கறியும் குழைய வெந்த சாதம்.

காலையில் சூடு பண்ணிக் கொடுப்பது மட்டும்தான் கணவன் வேலை. அதிலும் பாதி நாள் சோற்றுக்கு நடுவில் ஐஸ் கட்டி இருக்கும்.

கொஞ்ச நாளாக டப்பாக்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. அத்தனையும் நீல டேப்.

"உண்மையைச் சொல்லுங்க. நீங்கதானே எடுத்துத் தின்னீங்க?"

"அந்தக் குழைஞ்ச சோத்தையா? பல்லு இருக்கறவன் எவனாவது அதைத் தொடுவானா?"

சின்னவன் வந்து அவள் புடவையைப் பிடித்து இழுத்தான். "அம்மா, இன்னிக்கும் எனக்கு பிரெட்தானா?"

அந்தக் கேள்வியில் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இடுப்பு ஒடிய நின்று சமைத்தும் பிள்ளை பிரெட்டைக் கடித்துக்கொண்டு போகிறான்.

"பெரியவளைக் கேட்டுடறேன்," என்றாள்.

கணவன் இப்போதுதான் நிமிர்ந்தான். "வேண்டாம். நீ கேட்டா வேற மாதிரி ஆயிடும். நான் பேசிக்கறேன்."

"போன வாரமும் இதேதான் சொன்னீங்க."

போன வாரம் சொன்னது கிணற்றில் போட்ட கல். அவன் பேசவும் இல்லை, அவளைப் பேச விடவும் இல்லை.

பெரியவள் எட்டாம் வகுப்பு. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாளே தவிர வாய்த்துடுக்கு கிடையாது. "தப்பா நினைச்சுக்காதீங்க, கிளாஸ்ல எல்லாரும் ஐஸ் சோறு, ஐஸ் சோறுன்னு கிண்டல் பண்றாங்க. நான் கேன்டீன்லயே சாப்பிட்டுக்கறேன்," என்று ஒருநாள் தன்மையாகச் சொல்லிவிட்டுப் போனாள். தட்டை விட்டெறிந்து சண்டை போட்டிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அந்த மரியாதையைத்தான் இவளால் ஜீரணிக்க முடியவில்லை.

"நான் கிளம்பறேன்ப்பா," என்று பெரியவள் பையை மாட்டிக்கொண்டு அறையிலிருந்து வந்தாள்.

சின்னவன் அவள் பின்னால் போய் நின்று கைகொட்டிச் சிரித்தான். "ஐயே, அக்காவோட பை ஒண்ணுக்குப் போயிடுச்சு!"

பையின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது.

பெரியவள் பையைச் சட்டென்று மார்போடு அணைத்துக்கொண்டாள். அதுவே காட்டிக்கொடுத்துவிட்டது. இவள் ஒரே எட்டில் போய்ப் பையைப் பிடுங்கி ஜிப்பைத் திறந்தாள். கணக்குப் புத்தகத்துக்குக் கீழே, துண்டில் சுற்றிய டப்பா. மூடியில் நீல டேப்.

"ஓஹோ! வேலியே பயிரை மேய்ஞ்சிருக்கு."

"ஏய், விடு," என்று கணவன் எழுந்தான்.

"நீங்க சும்மா இருங்க! இத்தனை நாள் வாயை மூடிட்டு இருந்ததுக்குத்தான் இந்தக் கூத்து." டப்பாவைப் பெரியவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். "என் கையால செஞ்சது பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லு. ஒரு வாய் சாப்பிட வேண்டாம். தம்பி சாப்பாட்டை எடுத்துட்டுப் போய்க் குப்பையில கொட்டணுமா? என் மேல இருக்கற கோபத்தைச் சோத்து மேலயா காட்டுவே?"

"கொட்டல."

"பின்னே? காரமில்லாம தொண்டையில இறங்காது உனக்கு. நீயா சாப்பிட்டே?"

பெரியவளின் மூக்கு நுனி சிவந்தது.

"ஃப்ரெண்ட்ஸ்கிட்டக் காட்டிக் கேலி பண்ணவா? 'இதோ பாருங்க, இதுதான் எங்க வீட்டு ஐஸ் சோறு'ன்னு?"

"இல்லைங்க. சத்தியமா இல்லை." பெரியவள் குரல் உடைந்தது. இந்த வீட்டில் அவள் அழுது இதுவரை யாரும் பார்த்ததில்லை. சின்னவன் பயந்துபோய் நாற்காலிக்குப் பின்னால் ஒதுங்கினான்.

"அப்ப யாருக்குடி கொண்டு போறே? வாயைத் திறந்து சொல்லேன்!"

பெரியவள் ஓரக்கண்ணால் அப்பாவைப் பார்த்தாள். அவன் ஒரு காலில் ஷூவோடு அப்படியே நின்றிருந்தான். அவள் அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, இவள் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"எங்க அம்மாவுக்கு. ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுலேருந்து, நீங்க செய்யறது மட்டும்தான் அவங்களுக்கு இறங்குது."