ரேடியோ வாயை மூடிய நாள்

"இந்தப் பாலத்தைப் பத்தி உங்க வீட்டுப் பெரியவங்க ஏதாவது சொல்லியிருக்காங்களா?"

பயண எழுத்தாளர் குறிப்பேட்டைப் பிரித்துக்கொண்டு கேட்டார். கேட்டது சைக்கிள் கடைக்காரரை.

ஊரில் அவருக்கு 'ரேடியோ' என்று பெயர். பஞ்சர் ஒட்ட வந்தவர் அகப்பட்டால், டியூப் ஒட்டிக் காய்ந்து ஒரு மணி நேரம் ஆனாலும் வீடு போய்ச் சேர முடியாது.

ரேடியோ வாயைத் திறந்தார். பக்கத்தில் நின்ற சுற்றுலா அலுவலரைப் பார்த்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. எல்லாம் மேடம் சொன்னதுதான்."

மேடம் என்றது அந்தச் சுற்றுலா அலுவலரைத்தான்.

இந்தப் பக்கத்துக்கு அவள் வந்து நாலு மாதம்தான் ஆகிறது. தற்காலிக வேலை. பத்து நாளைக்கு முன்பு மேலதிகாரி போனில் சொல்லியிருந்தார்: "மூணு பத்திரிகையிலேருந்து வர்றாங்கம்மா. அவங்க எழுதறதைப் பார்த்துத்தான் உன் வேலையை நிரந்தரம் பண்ணுவாங்க. இல்லேன்னா இந்த மாசத்தோட சரி. கட்டடத்தை யார் வேணும்னாலும் போட்டோ எடுப்பாங்க. நீ ஜனங்களைப் பேச வை."

ஏற்கெனவே இரண்டு வேலை இப்படித்தான் பாதியில் கைவிட்டுப் போனது. மாமியார் வேறு வாரம் தவறாமல், "இன்னும் பர்மனென்ட் ஆகலையா?" என்று விசாரிக்கிறாள்.

அதனால்தான் போன வாரமே வந்து ஊரையே கூட்டிவைத்துச் சொல்லிவிட்டுப் போனாள். "நீங்க பேசறதுலதான் என் வேலையே இருக்கு. கூச்சப்படாம பேசணும்."

அன்றைக்கே ரேடியோ ஆரம்பித்தார். "இந்தப் பாலம் இருக்கே மேடம்..."

"அதெல்லாம் என் ஃபைல்ல இருக்குங்க. வர்றவங்ககிட்ட சொல்லுங்க" என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வண்டி ஏறிவிட்டாள். இன்னும் ஐந்து ஊர் பாக்கி இருந்தது.

இன்று பாலத்தின் மேல் நின்று ஃபைலைப் பிரித்து, மூச்சுவிடாமல் வாசித்தாள். ஒரு பெரிய வியாபாரி. அவருடைய ஒரே மகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. இன்னொரு பிள்ளைக்கு அந்தக் கதி வரக்கூடாது என்று அவர் தன் சொந்தச் செலவில் கட்டிய பாலம் இது.

இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்த ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கதையில் சொக்கிப்போய்விட்டார்கள் என்று நினைத்தாள்.

அப்புறம்தான் இந்தக் கூத்து.

எழுத்தாளர் தையல்காரம்மாவிடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்களேன்."

"நான் துணி தைக்கிறவ. எனக்கென்னங்க தெரியும்? மேடம் படிச்சவங்க."

போன வாரம் ஒரு காலர் அளவைப் பற்றியே அரை மணி நேரம் பேசிய அம்மாள் இவள்!

எழுத்தாளர் விடவில்லை. குனிந்து பக்கவாட்டுச் சுவரைப் பார்த்தார். "கல்லுல எல்லாம் ஏதோ வெட்டியிருக்கே? மீன், ஏணி, இதோ ஒரு சாவி..."

ரேடியோ அந்தச் சாவிக் கல்லின் மேல் கையை வைத்தார். தடவினார். "தெரியலீங்க" என்றார்.

குறிப்பேடு மூடிக்கொண்டது.

"அழகான ஊர். ஆனா யாருக்குமே சொந்த ஊரைப் பத்தித் தெரியலை. பாவம்" என்றார் எழுத்தாளர். மற்ற இரண்டு பத்திரிகைக்காரர்களையும் கூப்பிட்டுக்கொண்டு டீக்கடைப் பக்கம் நடந்தார். டீ குடித்ததும் கிளம்ப வேண்டியதுதான்.

அவள் ரேடியோவைத் தனியாக இழுத்துக்கொண்டு போனாள்.

"நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணேன்? ஒரு வார்த்தை பேசியிருந்தா வாய் தேய்ஞ்சா போயிருக்கும்? என் வேலை போகப் போகுது. இப்ப சந்தோஷமா?"

கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

ரேடியோ பின்கழுத்தைச் சொறிந்தார். "வேலை போயிடக் கூடாதேன்னுதாம்மா எல்லாரும் வாயை மூடிக்கிட்டோம்."

"என்ன உளர்றீங்க?"

"நீங்க வாசிச்சீங்களே வியாபாரி கதை, அது அடுத்த ஊர்ப் பாலத்தோடதும்மா. இது எங்க ஊர்ப் பொம்பளைங்க கட்டினது. பதினோரு வருஷம் அவங்களே கல்லு சுமந்து கட்டினாங்க. ஒவ்வொரு வீடும் தன் கல்லுல தன் அடையாளத்தை வெட்டிக்கிச்சு. அந்தச் சாவி எங்க வீட்டுது."

அவள் ஃபைலைப் பிரித்தாள். ஓர் ஊருக்கு இரண்டு தாள். முதல் தாளில் ஊர்ப் பெயர் இருக்கும், இரண்டாவதில் இருக்காது. அவசர அவசரமாக ஸ்டேப்ளர் அடித்தது அவள்தான். அடுத்த ஊர்த் தாள்களையும் புரட்டினாள். 'பதினோரு வருடம் கல் சுமந்த பெண்கள்' அங்கே பத்திரமாக இருந்தார்கள்.

ஃபைலை மூடினாள்.

"உங்க பாலத்தை வேற யாரோ கட்டினதா நான் சொல்றேன். கேட்டுக்கிட்டு நின்னீங்களே! அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"எப்படிம்மா? இத்தனை பேருக்கு நடுவுல, அதுவும் எழுதறவங்க முன்னாடி... நான் வாயைத் திறந்தா நிறுத்தவும் தெரியாது. நானே மூடிக்கிட்டதைப் பார்த்து மத்தவங்களும் மூடிக்கிட்டாங்க."

டீக்கடையை எட்டிப் பார்த்தார்.

"அவங்க டம்ளர் இன்னும் காலியாகலை. ஓடிப்போய் நீங்களே சொல்லிடுங்கம்மா. எங்க வாயால வந்தா அது உங்க தப்பு. உங்க வாயாலயே வந்தா அது வெறும் திருத்தம்."