நாற்பத்தொன்றாம் பெட்டி

மிச்சம் இருந்தவை இருபத்து மூன்று கண்ணாடிக் கோப்பைகள். அத்தனையையும் இன்றைக்கு ஒரே போடாகப் போட்டு நொறுக்கிவிடுவது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள் வேலைக்காரி.

இருபத்து நாலாவது கோப்பை போன மாதம் கை தவறி உடைந்தது. அதற்காக அவளை மாடிப்படிக்கு அடியில் இருக்கும் அறையில் இரண்டு நாள் வைத்துப் பூட்டினாள் எஜமானி. இன்று வீடு மாறுகிறார்கள், இன்றைக்கு விட்டால் வேறு எப்போது?

கூடத்தில், வீடு மாற்றும் கம்பெனியின் சூப்பர்வைசரம்மா சாமான் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தாள். எஜமானி அவள் பின்னாலேயே வால் பிடித்துத் திரிந்தாள்.

“ஒரு ஸ்பூன் விடாம எழுதணும். போன தடவை வந்தவங்க என் வெள்ளித்தட்டை முழுங்கி ஏப்பம் விட்டுட்டாங்க.”

“எழுதிடலாம்மா. பக்கத்துக்குப் பக்கம் நீங்க கையெழுத்து மட்டும் போட்டுடுங்க.”

மேஜை டிராயரைத் திறந்தார்கள். “பாஸ்போர்ட் நாலு. இதை லாரில ஏத்த மாட்டோம்மா, உங்க கைவசம்னு எழுதிக்கறேன்.”

“எழுதிக்கோ. நாலும் என் கைப்பையிலதான் இருக்கும்.”

அதில் மூன்று எஜமானிக்கும் புருஷனுக்கும் மகனுக்கும் உரியவை. நாலாவது வேலைக்காரியுடையது. வந்த அன்றே எஜமானி பிடுங்கி வைத்தது; மூன்று வருடம் கழித்து இன்றுதான் அதன் அட்டையையே பார்க்கிறாள்.

அடுத்தது மாடிப்படி அறை. “இங்க யாரும்மா படுக்கறது? படிவத்துல கேட்டிருக்கு.”

“இவதான். இதையெல்லாமா கேப்பாங்க?”

“கேக்கறாங்களே, என்ன பண்றது! போர்வை ஒண்ணு, வாளி ஒண்ணு. கதவுக்கு வெளிப்பக்கம் இருக்கற கொண்டியும் பூட்டும்?”

“கழட்டி எடுத்துக்கோ. அங்க போனதும் மாட்டணும். இவளுக்குக் கால் ஒரு இடத்துல நிக்காது.”

சூப்பர்வைசரம்மா சிரித்துக்கொண்டே எழுதினாள். எஜமானியின் வசவைவிட அந்தச் சிரிப்புதான் வேலைக்காரியைச் சுட்டது. ரெண்டும் ஒரே குட்டையில் ஊறின மட்டைதான் என்று நினைத்துக்கொண்டாள்.

இருந்தாலும் ஆசை யாரை விட்டது? எஜமானி அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்துக் கிசுகிசுத்தாள். “அக்கா, போனைக் கொஞ்சம் குடுங்கக்கா. என் பொண்ணு குரலைக் கேட்டு ஒரு வருஷம் ஆச்சு.”

“போனா? போய் வேலையைப் பாருடி!” என்று தெருவுக்கே கேட்கும்படி அதட்டினாள் சூப்பர்வைசரம்மா.

“அப்படிக் கேளுங்க!” என்றாள் எஜமானி, காதில் தேன் பாய்ந்தவள் போல.

இருபத்து மூன்றோடு இன்னொன்று சேர்ந்துகொண்டது. முதல் போடு இந்தச் சூப்பர்வைசர் தலையில்தான் என்று முடிவு செய்தாள் வேலைக்காரி.

எல்லாம் ஏற்றியானதும் சூப்பர்வைசரம்மாவே ஒரு பெட்டியைத் தூக்கி வந்தாள். நாற்பத்தொன்று என்று எண் போட்டு, கீழே சிவப்பு மையில் ‘உடையும் சாமான்’ என்று எழுதியிருந்தது. “இதை மடியிலயே வச்சுக்கிட்டு வா. கீழ போட்டே, தொலைஞ்சே!”

“இவளை முன்னாடி உக்கார வைக்காதீங்க. சாமானோட சாமானா ஏத்திப் பூட்டுங்க. நாங்க கார்ல முன்னாடி போறோம்” என்றாள் எஜமானி. கடைசிப் பக்கத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டுக் காரில் ஏறினாள்.

“அப்படியே செஞ்சுடறேம்மா.”

லாரியின் கதவு மூடியது. இருட்டில் பெட்டியை ஆட்டிப் பார்த்தாள் வேலைக்காரி. உள்ளே கிணுக்கென்றது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததைப் போல, கோப்பைகள் தாமாக மடிக்கு வந்துவிட்டனவே!

இங்கேயே உடைத்தால் யார் பார்ப்பது? கதவு திறந்ததும், எஜமானியின் கண் முன்னால், அவள் காலடியிலேயே உடைக்க வேண்டும். அப்புறம் அடித்துக் கொன்றாலும் கொல்லட்டும்.

புது வீடு மூன்று மணி நேரத் தூரம் என்று பேசிக்கொண்டார்கள். ஆனால் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, லாரி நின்றது. கதவு திறந்தது.

வெளிச்சத்துக்குக் கண் பழகியதும் முதலில் தெரிந்தது போலீஸ் ஸ்டேஷன். வாசலில் ஒரு பெண் போலீஸ் நின்றாள். அவளோடு பேசிக்கொண்டிருந்த சூப்பர்வைசரம்மா, லாரிக்குள் கை காட்டினாள்.

‘ஓடினா திருடின்னு போலீஸ்ல பிடிச்சுக் குடுத்துடுவேன்’ என்று எஜமானி மூன்று வருடமாகச் சொல்லி வந்தது காதில் அறைந்தது. ஓடாமல் இருந்தவளையே பிடித்துக் கொடுத்துவிட்டார்களே! வேலைக்காரி வெறி பிடித்தவளாய்ப் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கினாள்.

“பாவி! நீ நல்லா இருப்பியா? நீயும் ஒரு பொம்பளையா?”

சூப்பர்வைசரம்மா ஒதுங்கவில்லை. ஒரு கையில் எஜமானி கையெழுத்துப் போட்ட பட்டியல் இருந்தது. மறு கையால் தன் போனை நீட்டினாள்.

“இந்தா, முதல்ல உன் பொண்ணுகிட்ட பேசு. நீ எங்க படுக்கறேன்னு எங்க படிவத்துல சும்மாவா கேட்டிருக்கு? அந்தப் பெட்டில கோப்பை இல்லடி, உன்னைப் பூட்டி வச்ச கொண்டியும் பூட்டும்தான் இருக்கு.”

தூக்கிய கை அந்தரத்தில் நின்றது.

“மெதுவா இறக்கு. உங்க எஜமானியை உள்ள தள்ளப் போறதே அதுதான்.”