வீட்டில் கூடச் சொல்லாத தகவல்

“மேடம், இன்னிக்கு மத்தியானம் எங்க சாயத் தண்ணியை ஆத்துல திறந்துவிடுறோம். உங்க பம்பை நிறுத்திடுங்க.”

சாய ஆலையின் சுற்றுச்சூழல் அதிகாரி போனில் இப்படிச் சொன்னதும், எதிர்க்கரைக் காகித ஆலையின் சுற்றுச்சூழல் அதிகாரி நெகிழ்ந்துபோனார்.

“ரொம்ப நன்றி சார். நாங்க சாயங்காலம் ஏழு மணிக்குப் புகை விடுவோம். ஜன்னலைச் சாத்திடுங்க.”

“ஒப்பந்தப்படி இது நம்ம ரெண்டு கம்பெனிக்குள்ளதான் இருக்கணும், மேடம்.”

“வீட்டுல கூட மூச்சு விட மாட்டேன் சார்!”

இந்த ஒத்துழைப்புக்காகத்தான் போன வாரம் இருவருக்கும் ஒரே மேடையில் ‘பசுமைத் தோழமை’ விருது கொடுத்தார்கள். ஊருக்கே தண்ணீர் தரும் ஆற்றைத்தான் அழைக்க மறந்துவிட்டார்கள்.

மாலையில் சாய ஆலை அதிகாரி வீட்டுக்குள் நுழைந்தபோது, மகள் அழுதுகொண்டிருந்தாள். பள்ளி ஆண்டு விழாவில் நாளை அவள் போட வேண்டிய வெள்ளைக் கவுன், துவைத்த வாளியில் நீலமாக மிதந்தது.

“குழாயில நீலமா தண்ணி வருதுப்பா! யாராவது முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?”

அப்போதுதான் காகித ஆலையிலிருந்து அவர் மனைவியும் வந்துசேர்ந்தாள். வாளியைப் பார்த்தாள், கணவரை முறைத்தாள்.

“பிள்ளைகிட்டயாவது சொல்லியிருக்கலாமே, சார்?”

“நீங்களும் சொல்லியிருக்கலாமே, மேடம்?”

“என்னது? உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?” என்றாள் மகள்.

“எங்களுக்கு எப்படிடா தெரியும்?” என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

மணி ஏழாகப் போவதைப் பார்த்து, அப்பா மெதுவாகப் போய் ஜன்னலைச் சாத்தினார்.