எந்த போன் வாங்கலாம்?

விற்பனைப் பிரிவில் எல்லாருக்கும் புது போன் வாங்க வேண்டும். எதை வாங்கலாம் என்று முடிவெடுக்கத்தான் கூட்டம். மேலாளரோ அதை நேற்றே முடிவு செய்துவிட்டார்.

"முழுக்கத் திரைதான். தொட்டா போதும், வெண்ணெய் மாதிரி வழுக்கும்" என்று புது போனைத் தூக்கிக் காட்டினார்.

"பொத்தான் வெச்ச போன்தான் சார் வசதி" என்றாள் எதிரே உட்கார்ந்திருந்த காரியதரிசி. "அலைச்சல்ல தப்பில்லாம டைப் அடிக்கலாம்."

மேலாளருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அம்மா தாயே, நீங்க இன்னும் டைப்ரைட்டரை விட்டே இறங்கல. நம்ம முதலாளியும் உங்க கட்சிதான். அந்தப் பொத்தான் போனைக் கட்டிக்கிட்டு அழுவாரு. அவரு மூளையும் அதே பழைய மாடல்தான். இந்தக் கம்பெனி ஓடுறதே என்னாலதான்!"

மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அதை அவர் மரியாதை என்று எடுத்துக்கொண்டார். காரியதரிசி மட்டும் அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என்ன, வாயடைச்சுப் போச்சா? அப்படி என்னதான் கிழிச்சிடும் உங்க பொத்தான்?"

"முதலாளி வெளியூர்ல இருக்காரே சார். கூட்டத்துல யார் என்ன பேசினாலும் ஒரு வார்த்தை விடாம உடனுக்குடன் அனுப்பச் சொல்லியிருந்தாரு." மேஜைக்கு அடியிலிருந்து கையை வெளியே எடுத்தாள். அதில் பொத்தான் போன் இருந்தது. "நீங்க பேசப் பேச, போனைப் பாக்காமலே அடிச்சு அனுப்பிட்டேதான் இருந்தேன்."

மேலாளர் கையிலிருந்த புது போனை மெல்ல மேஜையில் வைத்தார்.

போன் சிணுங்கியது. வந்த பதிலை அவள் உரக்கப் படித்தாள்.

"எல்லாருக்கும் பொத்தான் போனே வாங்கவும். மேலாளருக்கு எதுவும் வாங்க வேண்டாம். நாளையிலிருந்து அவர் வரமாட்டார்."